வெள்ளைச் சீட்டு

வாந்திபேதி பரவிய அந்தக் கோடையில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு மேசை வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த ஆண் நர்ஸ் வருகிறவர்களிடம் மூன்று கேள்விதான் கேட்பார். எத்தனை தடவை போயிற்று, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, தானாக நிற்க முடிகிறதா. பதிலைப் பொறுத்துச் சிவப்புச் சீட்டு அல்லது வெள்ளைச் சீட்டு. சிவப்பு என்றால் உள்ளே குளுக்கோஸ் பாட்டில். வெள்ளை என்றால் வெளியே பெஞ்சு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர். நான் நிருபர். அந்த ஏற்பாட்டைப் பாராட்டி எழுதியிருந்தேன்.

அது அச்சான மறுநாள், உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மதினியோடு இறங்கினார். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, அடுத்தடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதால் மதினி குளித்து, வெளுத்த சேலை கட்டி, தலை வாரியிருந்தார். அண்ணன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்: நேற்றிலிருந்து பதினைந்து தடவைக்கு மேல், ராத்திரியிலிருந்து சிறுநீரே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சர் கேட்கிறேன் என்றேன்.

"தூக்கிட்டுப் போக அவ என்ன பொணமா? நடந்து வருவா, வா."

கொட்டகையில் இருபது முப்பது ஆண்கள். பாதிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். நர்ஸ் எத்தனை தடவை என்று கேட்டதும் அண்ணன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அம்புட்டு ஒண்ணுமில்ல சார். ரெண்டு மூணு தடவதான்."

"ஒண்ணுக்கு?"

"காலைல போனா."

மதினி நிமிர்ந்து நின்றார். பின்னால் ஒருவன், "சேலையப் பாத்தா கல்யாணத்துக்கு வந்தாப்லல இருக்கு" என்றான். சிலர் சிரித்தார்கள். நர்ஸ் வெள்ளைச் சீட்டைக் கொடுத்தார்.

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். நாலு பேர் முன்னால் அண்ணன் பேச்சைப் பொய் என்று சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சொல்லவில்லை. தெரிந்த டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன். அவர் வார்டில் இருந்தார். காத்திருந்தேன்.

அவரை அழைத்துக்கொண்டு வரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெஞ்சில் சரிந்த மதினியை அந்த நர்ஸே தூக்கி வந்துகொண்டிருந்தார். கையிலும் காலிலும் குத்திப் பார்த்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

பெஞ்சில் போட்டே கொன்றுவிட்டார்கள் என்று அண்ணன் ஊரில் சொன்னார். நான் அதைச் செய்தியாக்கினேன். வெள்ளைச் சீட்டு, பெஞ்சு, ஒரு மணி நேரம். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அண்ணன் சொன்ன பதில்களை மட்டும் விட்டுவிட்டேன்.

நர்ஸை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கிளம்பும் முன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்களும் பக்கத்துல தான சார் நின்னீங்க?"

ஆமாம் என்றேன்.