நான் கேட்டு வாங்கிய கோல்கீப்பர்

எங்கள் மாமாவுக்கு இங்கிலாந்தில் ஒரு கால்பந்துக் கிளப் இருந்தது. சொந்தக் கிளப் இல்லைதான். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால், அதன் பத்திரம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். "நேத்து நம்மாளுக மூணு கோல் வாங்கிட்டாய்ங்கக்கா" என்று காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவார். அம்மா கட்டன் சாயாவை அவர் முன்னால் வைத்துவிட்டு, "நம்மாளுகன்னா யாரு, நம்ம பெரியப்பா மகனுகளா?" என்பாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில், ஒரு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீட்டில், எங்களோடுதான் இருந்தார். அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். மாமாவுக்கு ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை. அந்தக் கிளப்பைத் தேடி இவர் போகவில்லை, அதுதான் இவரைத் தேடி வந்தது. போடி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தார்ப்பாயில் கொட்டி விற்ற பழைய துணிக் குவியலில், குளிருக்கு ஆகுமே என்று முழங்கையில் பஞ்சு வைத்துத் தைத்த மஞ்சள் நிற முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வந்தார். அது இன்ன கிளப்பின் கோல்கீப்பர் சட்டை என்று ஃபேக்டரியில் யாரோ படித்துச் சொன்னார்கள். அன்றைக்கே மாமா அந்தக் கிளப்பின் ஆளானார். அடுத்த மாதம் எஸ்டேட் டீமுக்குக் கோல்கீப்பரும் ஆனார். சட்டை ஒன்று, வேண்டுதல் இரண்டு.

எங்கள் பக்கம் கோல்கீப்பரைக் 'கோலி' என்போம். மலையாளத்திலிருந்து வந்த பழக்கம். மாமா பன்னிரண்டு வருடம் எஸ்டேட் கோலியாக நின்றவர். மலையிலுள்ள எஸ்டேட்டுகளுக்குள் வருடாவருடம் ஷீல்டுப் போட்டி நடக்கும். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தடவை கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றிருந்தார்கள், மற்ற வருடங்களில் அதற்கு முன்பே தோற்றிருந்தார்கள். "ஒரே ஒரு தடவ அந்த ஷீல்ட இந்தக் கையால தூக்கிட்டுத்தான் கிளவுஸக் கழட்டுவேன்" என்பது மாமாவின் சபதம். எட்டு வயதில் எனக்கும் வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை. மாரியம்மன் முன்னால் கண்ணை மூடினால் பாடத்துக்கு முன்னால் ஷீல்டுதான் வரும்.

அந்த வருடம் ஐப்பசியில், துலா மழையில் ஒருநாள் மாமா ஒரு பெட்டி லட்டோடு நனைந்து வந்தார். அவருடைய கிளப்பைப் பாலைவன நாட்டுப் பெரும் பணக்காரர்கள் வாங்கிவிட்டார்களாம். கிணறு கிணறாக எண்ணெய் வைத்திருப்பவர்களாம். லயத்தில் வீடு வீடாகப் போய் லட்டுக் கொடுத்தார். மாமாவுக்குத்தான் வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். விவரம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை, "இங்க குழாயில ரெண்டு குடம் தண்ணி வரமாட்டேங்குது, எவனோ எங்கயோ எண்ணெய வச்சிருக்கான்னு இவன் லட்டுக் குடுக்குறான்" என்றாள். லட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

மாமா அசரவில்லை. கிளப் அப்போது பட்டியலில் கடைசியில் கிடந்தது. அப்படியே முடிந்தால் கீழ் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஃபெயிலாக்குவது போலத்தான் என்று அவர் எனக்கு விளக்கினார். சனிக்கிழமை சாயங்கால ஆட்டம் என்றால் லயத்துக்குக் கீழே இருந்த வாசகசாலை டிவியில் பார்க்க என்னையும் கூட்டிப் போவார். அந்தக் கிளப்பின் கோலி பதினோரு வருடமாக அங்கே நிற்கும் ஒரு வழுக்கைத் தலைக்காரர். அவரைக் கண்டாலே மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இந்தச் சொட்டைய மாத்தாம இவய்ங்க கரையேற மாட்டாய்ங்க. வயசாயிருச்சுல்ல, நகர மாட்டேங்குறானே! புது ஓனரு மொதல்ல ஒரு புது கோலிய வாங்கணும்." மாமாவுக்கும் முன்நெற்றி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மார்கழியில் எங்கள் எஸ்டேட்டும் கைமாறியது. வடக்கே எங்கோ இருந்து ஒரு முதலாளி வாங்கினார். லயத்தில் எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஆட்களைக் குறைப்பார்களா, லயத்தை இடித்து ரிசார்ட் கட்டுவார்களா என்று பயம். மாமா ஒருவர்தான் தைரியம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "பணமுள்ளவன் வந்தா எல்லாம் நேராகும்க்கா. எங்க கிளப்பப் பாரு." அதற்கேற்றாற்போல, தை பிறந்ததும் இங்கிலாந்தில் ஆட்களை வாங்கி விற்கும் தவணை வந்தது. புது முதலாளிகள் நாலைந்து பேரை வாங்கினார்கள். முதலில் வாங்கியது ஒரு கோலியைத்தான். நெடுநெடுவென்ற பையன். அவன் வந்ததும் கிளப் தோற்பதை நிறுத்தியது. வழுக்கைத் தலைக்காரர் தடித்த கோட்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா கைதட்டினார், நானும் தட்டினேன். உலகத்தில் தோற்கிறவர்கள் ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

மாசியில் மாரியம்மன் கோயில் திருவிழா. எஸ்டேட் முதலாளிக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வது எங்கள் வழக்கம். பழைய கம்பெனி காலத்தில் மேனேஜர்தான் வந்து கட்டிக்கொள்வார். இந்தத் தடவை முதலாளியே வருகிறார் என்றதும் கோயில் கமிட்டி ஆடிப்போனது. அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. லயத்தில் இங்கிலீஷ் பேசத் துணிந்த ஒரே ஆள் மாமா. கால்பந்து வர்ணனை கேட்டுக் கேட்டுப் பிடித்த இங்கிலீஷ். சாமி விஷயங்களை விளக்கிச் சொல்ல அவரை முதலாளி பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆரத்தித் தட்டைப் பிடித்தது அம்மாவும் நானும்.

முதலாளி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, சின்னத் தொப்பை, சிரித்த முகம். ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தோம். ஆரத்தி எடுத்தவர்களுக்கு ஏதாவது தட்டில் போட வேண்டும் என்று மாமா மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். முதலாளி சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், எதுவும் இல்லை. மலையையே வாங்கிய மனிதரிடம் தட்டில் போட ஒரு நோட்டு இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே குனிந்து என் கன்னத்தைத் தட்டி மாமாவிடம் என்னவோ சொன்னார்.

"பாப்பா, ஒனக்கு என்ன வேணுமோ கேக்கச் சொல்றாரு. எதுன்னாலும் கேளு" என்றார் மாமா.

மேளம் நின்றிருந்தது. கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. பின்னால் இருந்து பக்கத்து வீட்டு அத்தை "கொழா, கொழா" என்று முணுமுணுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் என் மனதில் ஒன்றுதான் இருந்தது. மாமாவுக்கு ஷீல்டு வேண்டும். அதற்கு வழி என்ன என்றும் தெரியும். சனிக்கிழமை தவறாமல் மாமாவே சொல்லித் தந்த வழி.

"நம்ம டீமுக்கு ஒரு புது கோலி வேணும்னு சொல்லுங்க மாமா" என்றேன்.

புது கோலி வந்தால் மாமா எங்கே நிற்பார் என்ற கேள்வி, சத்தியமாக, எனக்கு வரவேயில்லை.

மாமா என்னைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிட அது கொஞ்சம் நீளமாக இருந்தது. முதலாளி புருவத்தை உயர்த்தி மாமாவை ஒருமுறை பார்த்தார், சிரிக்காமல் அவர் தோளைத் தொட்டார், மேனேஜரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

அம்மா தட்டுக்கு அடியில் என் கையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போகிற கிள்ளு. குழாயைக் கேட்காததற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். லயமும் ஒரு வாரம் அதற்காகத்தான் என்னைத் திட்டியது. எனக்குக் கவலையே இல்லை. மாமா பேசிய இங்கிலீஷின் கடைசி வாக்கியம் எனக்கு அப்படியே பாடமாகியிருந்தது. பொருள் தெரியாது, ஓசை மட்டும்தான். 'உடனே கொடுங்க சார்' என்று அர்த்தமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்காட்டினேன். வீட்டில் ஒருநாள் சொன்னபோது மாமா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்றா" என்று வெளியே போய்விட்டார்.

இருபது நாளில் புது கோலி வந்தான். மலப்புறம் பக்கத்துப் பையன், இருபது வயதிருக்கும், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். ஷீல்டில் எஸ்டேட் ஆள்தான் ஆடலாம் என்பதால் ஃபேக்டரியில் டெம்பரரியாக அவன் பெயரை ஏற்றினார்கள். வேலை பழகக் கொழுந்து வாட்டும் மாடிக்குத்தான் அனுப்பினார்கள். மாமாவிடமே.

அந்த வருடமும் ஷீல்டில் கடைசி ஆட்டம் வரை போனோம். அன்று மைதானத்துச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். மாமா மஞ்சள் சட்டையில்தான் வந்தார். ஆனால் கோல் போஸ்டுக்கு முன்னால் நிற்காமல், வலைக்குப் பின்னால் போய் நின்றார். எங்கள் மைதானத்தில் நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கி மூடுபனியாக மறைத்துவிடும். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று கோலிக்கே தெரியாது. அந்த மஞ்சில் பன்னிரண்டு வருடம் நின்ற கண் மாமாவினுடையது. "எடதுல வருது! எடது! மேல மேல!" என்று வலைக்குப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். கடைசி நிமிடத்தில் அவர் கத்திய பக்கம் பையன் பாய்ந்தான். பந்து விரலில் பட்டு வெளியே போனது. ஒரு கோல் கணக்கில் நாங்கள் ஜெயித்தோம். முன்னால் நிற்கிறவனுக்குப் பின்னால் நின்று வழி சொல்வது அதைவிடப் பெரிய வேலை, மாமாவுக்குப் பதவி உயர்ந்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

ஷீல்டு கைமாறிக் கைமாறிச் சுற்றியது. அந்த மலப்புறத்துப் பையன் அதை நேராக மாமாவிடம்தான் கொண்டு வந்தான். "சேட்டா, இது பிடிக்கு" என்றான். மாமா கையை நீட்டவில்லை. சரிவிலிருந்து ஓடி வந்த என்னைத் தூக்கி, "இவ கேட்டு வாங்குனது. இவ தொடட்டும்" என்றார். நான் இரண்டு கையாலும் தொட்டேன். சில்லென்று இருந்தது. மாமாவின் முகம் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை.

சித்திரை முடிவில் இங்கிலாந்திலும் கிளப் கரையேறியது. ஊர்க்காரர்கள் முன்னால் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது புது கோலியை வெளியே கூப்பிட்டு, வழுக்கைத் தலைக்காரரை உள்ளே அனுப்பினார்கள். அதோடு அவர் கிளப்பை விட்டுப் போகிறாராம். அந்த ஐந்து நிமிடத்தில் அவரிடம் ஒரு பந்துகூட வரவில்லை. விசில் ஊதியதும் மைதானம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. அவர் மைதானத்தைச் சுற்றி நடந்தார், கையுறையைக் கழற்றிக் கூட்டத்தில் இருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்தார். வாசகசாலையில் பெஞ்சில் இருந்த மாமாவும் எழுந்து நின்றிருந்தார்.

"ஏன் மாமா எந்திரிச்சிட்டீங்க? இவரத்தான ஒங்களுக்குப் புடிக்காது?"

"கால் மரத்துப்போச்சு பாப்பா."

நான் கீழே உட்கார்ந்து அவர் காலைத் தேய்த்துவிட்டேன்.

மாமா அதற்குப் பிறகு கோலியாக நிற்கவில்லை. மஞ்சள் சட்டை வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையானது. லயத்துக்குப் புதுக் குழாயும் வந்தது, இரண்டு வருடம் கழித்து. ஏழாவது படிக்கும்போது இங்கிலீஷ் டீச்சர் சின்னச் சின்ன வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ அவர் எழுதியது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வாக்கியம். மூன்று வருடத்துக்கு முன் லயம் முழுக்க நான் சொல்லித் திரிந்தது. 'சார்' மட்டும் குறைந்தது.

ஷீ ஈஸ் ரைட்.

அவள் சொல்வது சரி. அவ்வளவுதான் பொருள். டீச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அம்மா கிள்ளிய இடத்தை நான் தடவிக்கொண்டிருந்தேன்.