கரண்டு வைத்த தோல்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, கூட்டு என்று நாங்கள் சொல்லும் சீட்டைப் பிடிக்கும் என் தோழி. பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோழிக்கும் எனக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஒரே லைன். இருபது பெண்கள் மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், போடுவோம், குலுக்கலில் பெயர் விழுந்தவள் மொத்தத்தையும் எடுப்பாள். அந்த ஞாயிறு, மூன்றாவது குலுக்கலில், என் பெயர் விழுந்தது; தோழி பணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

முந்தின வருஷம் புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்து, கரண்டும் வைத்திருந்தார்கள். கதிர் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். புது மார்பு வைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் கரண்டு வைத்த தோல் இழுபடாது, உள்ளே பை வைத்தால் கிழிந்துவிடலாம், வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து மூடுவதே நல்லது என்றார். எனக்கு வயிற்றில் சதையே இல்லை. முதுகுதான். முதுகுச் சதைக்கு அரித்தால் எங்கே சொறிவது என்று பல நாள் கவலைப்பட்டேன், கேட்க வெட்கம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும். அதனால் இந்த இரண்டாயிரத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு முன்பணமாகக் கட்ட நினைத்தேன்.

வீட்டுக்காரர் அதைப் பழைய வேன் ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

அவருடைய அக்கா சிரித்துக்கொண்டே, "உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா லா? துணிய சுருட்டி வச்சுக்க," என்றார்.

"வேன் வந்தா வீட்டுக்குச் சோறு. ஒன் நெஞ்சு வந்தா என்னா வரும்?" என்றார் வீட்டுக்காரர்.

நான் பணத்தை எடுத்து மடியில் செருகினேன். அவர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் அவர் காதைப் பிடித்துத் திருகினேன், விடவில்லை. மேசையில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து என் இடப்பக்கத்தில் இறக்கினார். கரண்டு வைத்த இடம் பழைய பிளாஸ்டிக் மாதிரி பிளந்தது.

"அண்ணே, அது அவ காசு. கைய எடுங்க," என்ற தோழி, நாற்காலியால் அவர் முதுகில் அடித்தாள். அவர் அவளையும் தள்ளிவிட்டு, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். அக்கா வாசல் கதவைச் சாத்தினார், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாதாம்.

காயம் ஆறவில்லை. மஞ்சள் பூசினேன், சீழ் வைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படி ஆனது என்று கேட்டதற்கு, குளியலறையில் வழுக்கியது என்றேன். டாக்டர் என் முகத்தையே பார்த்தார். இந்தத் தோல் இனி தானாக மூடாது, முதுகுச் சதை வைத்தே ஆக வேண்டும் என்று அதே வாரம் அறுத்தார். நான் வரிசையில் நிற்கவே இல்லை.

சதை பிடித்துக்கொண்டது. வேனும் வீட்டு வாசலுக்கு வந்தது.

நான் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காத அந்தப் பணத்துக்காகக் கூட்டில் கட்ட வேண்டியது இன்னும் ஆயிரத்து எழுநூறு வெள்ளி.