உங்கள் அம்மா ஜீப்பை விட்டு இறங்கிய வளைவு

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால், "ரோட்டு வேலை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறீர்களாம். நிமிர்ந்தே சொல்லலாம். போடிமெட்டு மலைப்பாதையில் தார் ரோட்டில் விழும் விரிசலை அடைப்பது என் வேலை. முதலில் மயிரிழை போலத்தான் விழும். அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கி அடிமண்ணைக் கரைக்கும். பிறகு ஒருநாள் ரோடு சரிவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பாமல் பிடித்து வைப்பவன் நான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில், எட்டாவது வளைவில், சரிவு ஓரமாக ஒரு விரிசல். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அந்த ஓரத்தில்தான் திரும்பும். உங்கள் அம்மாவும் அதில்தான் போகிறாள். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர். மீதி இடம் தூக்குவாளிகளுக்கு.

விரிசலை அடைக்க ஒரு முறை இருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டி, ஈரம் போகக் காயவிட்டு, காய்ச்சிய தாரை ஊற்றி, மேலே கல்தூள் தூவ வேண்டும். ஆனால் அன்றைக்கு அதிகாரி வருவதாகத் தகவல். மூடுபனி இறங்கி விரிசல் நனைந்து கிடந்தது.

"ஊத்துப்பா வெரசா. கருப்பா இருக்கணும், அம்புட்டுத்தான். வர்றவரு குனிஞ்சா பாக்கப் போறாரு?" என்றார் மேஸ்திரி.

ஊற்றினேன். அதிகாரி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். "நல்லா கருப்பா இருக்கு" என்றார். எட்டாவது வரை படித்தவனுக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட்டு யார் தருவார்?

ஒரு வாரம் போயிருக்கும். வேலை முடிந்து வந்த உங்கள் அம்மா கையில் கருப்பாக ஒரு வார் தொங்கியது.

"இந்தாங்க, ஒங்க சோலி. ரோட்டுல கெடந்துச்சு, எடுத்தாந்தேன்."

ஈரத்தில் ஊற்றிய தார், வெந்த தோசை மாதிரி நுனி கெடாமல் உரிந்து வந்திருந்தது.

"அது மேலாப்புல உள்ளது. உள்ள நல்லாப் புடிச்சிருக்கும்" என்றேன், கூசாமல்.

"புடிச்சிருக்கும், புடிச்சிருக்கும். நாங்க இப்ப அந்த வளைவுல எறங்கி நடந்து, அங்கிட்டுப் போயி ஏறுறோம். டிரைவரண்ணே கேக்குறாரு, 'ஒன் வீட்டுக்காரரு ரோடு போடுறாரா ஆத்தா, இல்ல ஒங்களயெல்லாம் நடக்க வைக்கிறாரா'ன்னு."

மறுநாள் போய்ப் பார்த்தேன். விரிசலுக்குள் என் விரல் நுழைந்தது. அடைமழை பிடித்தால் அந்த ஓரம் நிற்காது என்று எனக்கே தெரிந்தது.

"அண்ணே, அதச் சுரண்டிட்டு மறுபடி ஊத்தணும். வெயில் வந்து காயிற வரைக்கும் தொடமாட்டேன்" என்றேன் மேஸ்திரியிடம்.

"அதிகாரியே நல்லாருக்குன்னுட்டாரு. அவரவிட ஒனக்குத் தெரியுமோ?"

"அவரு அந்த ஜீப்புல போகலண்ணே. எம் பொண்டாட்டி போறா."

மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அதுதான் அனுமதி.

இரண்டு நாள் காத்திருந்த பிறகு வெயில் வந்தது. பழைய தாரை மிச்சமில்லாமல் சுரண்டி, மண்ணைப் பிரஷ்ஷால் வாரி, விரலால் தடவி ஈரமில்லை என்று பார்த்தபிறகே ஊற்றினேன். தார் இறுகும்வரை ஓரத்தில் கல்லை அடுக்கி மறித்தேன். ஜீப் டிரைவர் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தார். உள்ளே இருந்த பெண்கள் வழக்கம்போல இறங்கி என்னைத் தாண்டி நடந்தார்கள். உங்கள் அம்மா என்னைத் தெரியாதவள் மாதிரி போனாள்.

பிறகு மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் கொட்டியது. தண்ணீர் அந்தத் தாரின் மேலேயே ஓடி ஓடையில் விழுந்தது. ரோடு எங்கேயும் கிளம்பவில்லை.

மழை விட்ட அன்று சாயங்காலம் கேட்டேன்: "இன்னைக்கும் எறங்கி நடந்தீங்களா?"

"இல்ல. நிக்காமத்தான் போனோம்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தேன்.

"கண்ண மட்டும் மூடிக்கிட்டோம்" என்றாள்.

"பதினாறு பேருமா?"

"டிரைவரண்ணே மட்டும் தொறந்திருந்தாரு."