குவைத் மணி

"அங்க மணி இன்னாங்க?"

ரிசீவரைக் காதில் வைத்ததும் குணசுந்தரி கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாப்பாடு, உடம்பு எல்லாம் அப்புறம். அவள் வீட்டில் போன் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, கூலிக்கு வாங்கிவந்த பட்டுச் சேலையின் முந்தானையை மடியில் போட்டுக் குஞ்சம் கட்டிக்கொண்டே காத்திருப்பாள். மணி அடித்தால் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். போன் என்னுடையது என்பதை அவள் மறந்து நாளாகிறது.

கணவன் சடையப்பன் களம்பூரில் அரிசி லோடு ஓட்டியவன். இப்போது குவைத்தில் டேங்கர். போன வருஷம் ஈராக்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்ட அமெரிக்கப் பட்டாளத்துக்கு டீசல் போகிறது. எல்லை வரைக்கும்தான் ஓட்டுவேன், தாண்ட மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எண்ண ஊத்தெடுக்கற ஊருக்கே எண்ண எடுத்துகினு போறாங்களாம்ணா. நம்பறாப்பலயா கீது?" என்பாள்.

அவன் விட்டுப்போன சாவி கொடுக்கிற கடிகாரம் அவள் கையில் தொளதொளவென்று கிடக்கிறது. அதில் ஓடுவது குவைத் நேரம், நமக்கு இரண்டரை மணி பின்னால். அவன் சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் இவளும் சாப்பிடுகிறாள். கேட்டால் பசிக்கலை என்பாள். பொய்.

சித்திரையில் லீவில் வந்த தேசூர் டிரைவர் ஒருவர் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். கோடையில் ஈராக்கில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கிறார்களாம். எல்லை தாண்டினால் அந்த மணிதானாம். "கிருஷ்ணாயிலுக்குக் க்யூவுல நிக்கிற ஜனங்க, எங்க வண்டியப் பாத்தாலே கல்லால அடிக்கிறாங்க."

"நானா இருந்தாலும் அடிப்பேன்" என்றாள் குணசுந்தரி. அன்று காலைதான் ரேஷன் கடையிலிருந்து வெறும் கேனோடு திரும்பியிருந்தாள். சொன்ன பிறகுதான் வண்டிக்குள் யார் என்பது உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து முதல் கேள்வி மணிதான்.

போரை எதிர்த்து ஆரணியில் ஊர்வலம் போனபோது இவளும் போனாள். "எண்ணெய்க்காக ரத்தம் சிந்தாதே" என்று எல்லோரும் முழங்க, இவள் மட்டும் "ஓட்டறவங்கள ஊட்டுக்கு அனுப்பு" என்று கத்தியிருக்கிறாள். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து முறைத்தாராம்.

"மொறச்சிக்கட்டும்ணா. எனக்கு ஆளு வரணும்."

எனக்கென்னவோ இவள் கோஷம்தான் பிடித்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை எங்கள் சுவர்க் கடிகாரத்தில் எட்டு அடித்து ஓய்ந்ததும் போன் வந்தது. குவைத்தில் ஐந்தரை ஆகியிருக்க வேண்டும். சடையப்பனுக்கு லாரிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

"அங்க மணி இன்னாங்க?"

"ஆறரை." சட்டென்று பேச்சு நின்றது. "ஏய், இல்ல இல்ல. அஞ்சரை. அஞ்சரைதான்."

"சரிங்க, அஞ்சரை" என்றாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. முந்தாநாள் பெய்த மழையைப் பற்றிச் சொன்னாள். போனுக்குக் காத்திருக்கையில் நான் நாற்காலியிலேயே குறட்டை விட்டதைச் சொல்லிச் சிரித்தாள். சீக்கிரம் வந்துடுங்க என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ரிசீவரை வைத்தாள். கடிகாரத்தின் சாவியை இழுத்து, முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளினாள்.