எந்த முட்டி?

என் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அங்கே அவளுக்குக் கேள்வி அக்கா என்று பெயர். கத்தி வைப்பதற்கு முன் பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று நோயாளியிடமே கேட்டு, சீட்டில் டிக் அடித்தால்தான் வழிவிடுவாள். பெரிய டாக்டரையே நிற்க வைத்துவிடுவாள். வீட்டிலும் இதே கதைதான். இருபது வருடம் கூடக் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அவளிடம் வாதாடி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. இப்போதெல்லாம் முட்டியைப் பிளப்பதில்லையாம். மிளகளவு இரண்டு துளை, ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி, மறுநாளே நடக்கலாம் என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலது கால் மட்டும் பத்திரமாக இருக்கவேண்டும். அதுதான் பிரேக் மிதிக்கிற கால். அதுவும் போனால் நான் ஸ்டியரிங் பக்கமே போக முடியாது.

அன்று காலை டாக்டர் இடது முட்டியின் உள்பக்கம் பேனாவால் அம்புக்குறி போட்டு, காயும்வரை அசைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா? பக்கத்துக் கட்டில்காரரோடு கிரிக்கெட் பேசுகிற ஜோரில் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன். முட்டியும் முட்டியும் ஒட்டிக்கொண்டு, அம்பு வலது முட்டியிலும் பதிந்தது. நான் கவனிக்கவே இல்லை.

சொந்தக்காரர் என்றால் வேறு நர்ஸ் நிற்பதுதான் வழக்கம். அன்று ஆள் பற்றாக்குறை, அவளே நின்றாள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. நடுவே ஒரு துணித் திரை வேறு. எந்தக் காலை யார் தொடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உதவி டாக்டர் அம்பைப் பார்த்து வலது முட்டியில் மருந்து தடவிக்கொண்டிருந்தாராம்.

அவள் சீட்டோடு வந்து என் பெயரைக் கேட்டாள். அத்தனை பேர் முன்னால் கட்டின பெண்டாட்டி பெயர் கேட்டால் எப்படி இருக்கும்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எந்தக் காலாக இருந்தால் என்ன, வெட்டச் சொல் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போய் இன்னொரு காலின் துணியை விலக்கினாள்.

"நிறுத்துங்க டாக்டர். ரெண்டு முட்டியிலயும் குறி இருக்கு."

அவள் என் தலைமாட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, விளையாடாம சொல்லுங்க. எந்த முட்டி?"

பெயர், வயது, இடது முட்டி, ஜவ்வு என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்தேன். பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து, இடதுதான் என்று உறுதி செய்து, தப்பான குறியைத் தன் கையாலேயே துடைத்தார். எல்லோர் முன்னாலும் அவளுக்கு நன்றியும் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே வாழைப்பழத் தோலைப் போட்டவனே நான்தான். அப்புறம் என் முட்டியின் உள்ளேயே திரையில் காட்டினார்கள். கிழிந்த ஜவ்வைக் குட்டிக் கருவி கொறித்து எடுப்பதை டிவி பார்ப்பதுபோலப் படுத்தபடியே பார்த்தேன்.

மறுநாள் சுவரைப் பிடிக்காமல் ஜன்னல்வரை நடந்தேன். வலியே இல்லை. விசிலடிக்கலாம் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், வாசலில் நின்று அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"எதுக்கும்மா அழற? நல்லாத்தானே நடக்கறேன்."

"நேத்து அழறதுக்கு நேரம் இல்லீங்க."