மணிக்கூண்டு நடக்காது

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளிக்காரி என்று பெயர். பழைய நில அளவைப் படங்களைக் கணினியில் ஏற்றி, எந்தக் காலத்தில் ஜனங்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று புள்ளி வைப்பது அவள் வேலை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வேலை மட்டும் படு சுத்தம்.

அப்படிப்பட்டவளே கோட்டை விட்டாள். நூறு வருடத்துப் பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது, இரண்டிலும் பளிச்சென்று தெரிந்த ஆற்று வளைவைப் பிடித்துப் பொருத்திவிட்டாள். அதன்படி ஆற்றோரக் கடைசித் தெரு மட்டும் பழைய குடியிருப்பு, உள்ளே இருந்த தெருக்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பொட்டல் என்று அறிக்கை போனது. அந்த வழியாக வரவிருந்த புதுச் சாலைக்காகப் பழைய குடியிருப்பை இடிக்க மாட்டார்கள். பொட்டலில் பிறகு வந்தவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். தப்பித்த கடைசித் தெருவில் அவளுடைய நாத்தனார் வீடு இருந்தது.

அறிக்கை போன பிறகுதான் கவனித்தாள். இன்றும் கடைத்தெருவில் நிற்கும் மணிக்கூண்டு, அவள் பொருத்திய பழைய படத்தில் பள்ளி மைதானத்தின் நடுவே நின்றது. மணிக்கூண்டு எழுந்து நடக்காது, ஆறுதான் நகர்ந்திருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனாள்.

மேலதிகாரி சலித்துக்கொண்டார். "உங்க சொந்தக்காரங்க வீடு தப்பிச்சிருக்கு. அதைப் போய் ஏன் கிளறறீங்க?"

"தப்பு என்னோடது சார். நான்தான் திருத்தணும்."

என் தங்கை வீட்டுக்கு நீயே உலை வைக்கிறாயா என்று கேட்ட கணவன் அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அசையவில்லை. மணிக்கூண்டு, கற்குன்று, ரயில் பாதை என்று நகராதவற்றை மட்டும் பிடித்து மறுபடி பொருத்தினாள். பழைய வீடுகள் உள் தெருக்களின் மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. கடைசித் தெரு அந்தக் காலத்து ஆற்றுத் தண்ணீருக்குள் கிடந்தது. திருத்திய படத்தில் மேலதிகாரியின் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அடுத்தவர் வாயால் அவளுக்கு விஷயம் தெரியக்கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாத்தனார் கேட்டாள்: "அப்ப எங்க வீடு, அண்ணி?"

"ஆத்துக்குள்ள வருது. முன்னாடி நான் தப்பாப் போட்டுட்டேன்."

நாத்தனார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"பின்தெரு டீச்சர் வீடு?"

"அது இருக்கும். அந்தத் தெருவே இருக்கும்."

"அவங்க சாமானெல்லாம் கட்டி வச்சுட்டு உக்காந்திருக்காங்க. முதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. நம்ம சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

புள்ளிக்காரி செருப்பைக்கூட மாட்டாமல் பின்தெருவுக்கு நடந்தாள்.