கழுவின சுவர்

புருஷன் விட்டுப்போன சாமான்களில் அவில்டா விற்காமல் வைத்துக்கொண்டது அந்த மெஷின் ஒன்றைத்தான். பெட்ரோலில் ஓடுவது. வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் அடிப்பதுபோல வீட்டின் வெளிச்சுவருக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். அவள் புருஷன் ரூபேன் அதை வைத்துத்தான் பிழைத்தான். பெரிய புயலில் ஊரே கூரையிழந்து நின்றபோது வேலை தேடிக் கடல் தாண்டி ஒர்லாண்டோவுக்குப் போனான். முதல் வருஷம் ஞாயிறுதோறும் போன் பேசினான். அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆனது. கடைசியில், அவன் அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று அவனுடைய அக்காளே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவில்டா போட்டுக் கொடுத்த காப்பியையும் நிதானமாகக் குடித்துவிட்டுப் போனாள்.

தீவில், மோக்கா மலைப்பக்கம் எந்தச் சுவரும் வெள்ளையாக நிலைப்பதில்லை. மத்தியானம் தவறாமல் மழை. மழை விட்டால் ஆவி. சிமெண்டுச் சுவரில் முதலில் பச்சையாகப் படரும் பாசி, கவனிக்காமல் விட்டால் கருத்துத் தடித்துவிடும். ரூபேன் இல்லாததால் சுவருக்குப் பாசி பிடிக்காமல் இருந்துவிடவில்லை. அவனைத் தேடி வந்தவர்களிடம், "அவர் இல்லை. நான் வர்றேன்" என்றாள் அவில்டா.

முதல் நாள் தன் வீட்டுச் சுவரிலேயே பழகிப் பார்த்தாள். விசையை அழுத்தியதும் பீச்சுக்குழல் பின்னால் உதைத்த உதையில் செம்பருத்திச் செடிமேல் மல்லாக்க விழுந்தாள். எழுந்து, துள்ளும் மீனைப் பிடிப்பதுபோல அதை இறுக்கிப் பிடித்தாள். கிட்டே வைத்து அடித்தால் பெயிண்டே உரிந்து வரும், எட்ட வைத்தால் பாசி சிரித்துக்கொண்டு அப்படியே இருக்கும் என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரிந்தது. குளோரின் கரைசலை அடித்துக் கொஞ்சம் ஊறவிட்டு, பிறகு மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். ஜன்னலின் சாய்வுத் தகடுகள் பக்கம் மட்டும் குழலைத் திருப்பவே கூடாது, இடுக்கு வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் போய்விடும்.

மூலைக்கடை சாகோவுக்கு அவளைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"என்ன அவில்டா, இன்னைக்கு யார் வீட்டுச் சுவரைச் சுட்டுத் தள்ளப்போற?"

"உன் கடைச் சுவரைத்தான். அதுல ஒட்டியிருக்கறது பாசியா, இல்ல காப்பித்தூள்ல நீ கலக்கறதான்னு பாத்துடலாம்."

கடை வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். இப்படித்தான் அவள் அந்தத் தெருவைக் கடந்து போவாள்.

மெஷின் ஓடும்போது அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த இரைச்சலுக்குள் நின்று யாரும் ரூபேனைப் பற்றி விசாரிக்க முடியாது. நிறுத்தியதும்தான் சங்கடம். காது கொஞ்ச நேரம் கும்மென்று இருக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு கோழியின் சத்தம், தூரத்து ரேடியோ, அப்புறம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து ஈரப் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சட்டியிலிருந்த அரிசிச்சோற்றையும் பயறையும் அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிடுவாள். டெக்சாஸிலிருந்து மகள் யாரெலிஸ் பேசுவாள்.

"இங்க வந்துடேன் மம்மி. அங்க யாரு இருக்கா உனக்கு?"

"வேலை இருக்கு" என்பாள் அவில்டா.

மேட்டுக் கடைசியில் டோன் எலியூத்தின் வீடு. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி மொன்செராத்தே இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஒரே மகன் கடல் தாண்டி ஹார்ட்ஃபோர்டில். அவர் அவளை முதன்முறை கூப்பிட்டபோது சுவர் உண்மையிலேயே கருத்துக் கிடந்தது. அவள் கழுவக் கழுவ, அவர் ஜன்னலின் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்று பார்த்தார். பெட்ரோல் ஊற்ற மெஷினை நிறுத்தினால் போதும், காப்பியோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"இந்த வளைவு இருக்கே அம்மாடி, இதுல பஸ்ஸைத் திருப்பறப்போ பிள்ளைங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கும். திருப்பினதும் கை தட்டும்."

"நீங்க பிடிக்க மாட்டீங்களா மூச்சை?"

"நான்தான் முதல்ல பிடிப்பேன். டிரைவர் மூஞ்சியைப் பிள்ளைங்க பாக்க முடியாதுல்ல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மெஷினை இழுத்துக் கிளப்பினாள். பாதியில் நின்ற அவருடைய பேச்சு உதட்டசைவாகக் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

இரண்டு மாதம் போகவில்லை, வடக்குச் சுவரில் பாசி என்று மறுபடி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சுவர் பளிச்சென்று இருந்தது. விசையைக் குறைத்துக்கொண்டு ஒப்புக்குத் தண்ணீர் காட்டினாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது சுவரில் நிஜமாகவே அழுக்கு இருந்தது. நெஞ்சு உயரத்துக்குச் செம்மண் சேறு, கீழிருந்து மேலாக விசிறியடித்த மாதிரி. கொய்யா மரத்தடியில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் அதே செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மழைதான்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டே. "இந்தத் தடவை பேய்மழை."

மழை தரையிலிருந்தா பெய்தது என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயை இழுத்து மாட்டிக் கழுவினாள். அன்று பெட்ரோலை வேண்டுமென்றே கொஞ்சமாக ஊற்றினாள். இரண்டு மூன்று தடவை நிறுத்த வேண்டி வந்தது.

கடை வாசல் சும்மா இருக்குமா?

"கிழவர் வீட்டுச் சுவர் தேஞ்சே போயிடும்போல இருக்கே" என்றான் சாகோ. "நீ சுவரைத்தான் கழுவறியா அவில்டா?"

டொமினோ மேசை விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். மெஷினை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது சோப்பைக் கீழே போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தின சமயம். கடல் தாண்டிப் போனவர்கள் வருகிறார்கள் என்று ஒவ்வொரு வீடும் கழுவியாக வேண்டும். டோன் எலியூத் கூப்பிட்டார். "வேலை நெருக்குது, அப்புறம் பாக்கலாம்" என்றாள். பொய்யில்லை. அடுத்த தடவை அவர் பெயரைப் பார்த்துவிட்டு, போன் அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. பண்டிகை இரவில் பாட்டுக் கோஷ்டி தெருவில் போனது. அவள் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டார் வாழையிலையில் கட்டி அவித்துக் கொடுத்த பஸ்தேலேயை இலை பிரித்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்து, வந்தவர்கள் விமானமேறியபின் வேலை வற்றிப்போனது. ஒரு நாள் மெஷின் இல்லாமல், வெறும் கையோடு மேட்டுக்கு நடந்தாள்.

முற்றத்து வெயிலில் ஒரு மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. முகப்புச் சுவரருகே போய் நின்றாள். பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து, சிமெண்ட் பல்லைக் காட்டியது.

"கடலோரத்துலேருந்து ஒருத்தன் வந்தான்" என்றார் டோன் எலியூத். "லாரி அளவுக்கு மெஷின். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சுட்டான். ஜன்னல் வழியா உள்ளயும் கழுவிட்டான். காப்பி போட்டேன். நேரமில்லைன்னுட்டான்."

"என்னைக் கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டேனே. நீ எடுக்கலை."

அவள் சுவரில் தொங்கிய ஒரு செதிலைப் பிய்த்தாள்.

"அன்னைக்குச் சேறு அடிச்சது நான்தான்" என்றார் அவர்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னைக்கேதான்."

"தெரிஞ்சும் ஏன் கழுவின?"

"எனக்கு மட்டும் அன்னைக்கு வேற போக்கிடம் இருந்துச்சா, டோன் எலியூத்?"

அவர் உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முன்னெல்லாம் பெட்ரோல் ஊற்றும் இடைவெளிக்குள் அடித்துப் பிடித்துப் பேசிய பேச்சு, இப்போது மத்தியானம் முழுக்கக் கையிலிருந்தும் காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. ஒரு நாய் குரைத்தது. யாருடையது என்று அவர் சொன்னார். பிறகு அதுவும் குரைப்பதை நிறுத்தியது. பேசிப் பழக்கம் விட்டுப்போன இரண்டு பேர் எதிரெதிரே இருப்பது, ஒற்றையாக இருப்பதைவிடக் கூச்சமாக இருந்தது. அவள் எழுந்தாள்.

"இதைச் சுரண்டிட்டுப் புதுசா அடிக்கணும்" என்றாள் சுவரைக் காட்டி. "நாளைக்கு வர்றேன்."

வந்தாள். சுரண்டும் வேலைக்குச் சத்தமில்லை. அவள் ஏணிமேல் நின்றாள். அவர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கீழ்ப்பகுதியைச் சுரண்டினார். முதல் சில நாள் ரேடியோதான் பேசியது. அப்புறம் அவர் மொன்செராத்தேயின் கடைசி நாட்களைச் சொன்னார். அவில்டா, ரூபேனின் அக்காள் காப்பி குடித்த கதையைச் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சுரண்டியை நிறுத்திவிட்டு, "முழுசாவா குடிச்சா?" என்று கேட்டார். "அடிமண்டி வரைக்கும்" என்றாள். சாகோ கடையில் யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் நின்று, "ஆமா, இப்போ பெயிண்ட் அடிக்கிறோம். உனக்கும் ஒரு பிரஷ் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுவர் வெளிர்மஞ்சளாக முடிந்தது. ஈஸ்டருக்கு மகன் வந்தான். அப்பா தனியாக வாசற்படியில் தடுமாறி ஏறுவதைப் பார்த்துவிட்டு, கோடை முடியும்வரை என்று சொல்லி ஹார்ட்ஃபோர்டுக்குக் கூட்டிப்போனான். கோடை முடிந்தது. அவர் திரும்பவில்லை. வீட்டுச் சாவி அவில்டாவிடம் இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுச் சுற்றிப் பார்ப்பாள். அக்டோபர் மழைக்குப் பிறகு ஒரு காலையில் மெஷினையும் எடுத்துக்கொண்டு போனாள். வேலைக்கு நடுவே போன் நடுங்கியது. மெஷினை அணைத்தாள்.

"இங்க வீடெல்லாம் பிளாஸ்டிக் பலகை அம்மாடி" என்றார் டோன் எலியூத். "பாசியே பிடிக்க மாட்டேங்குது. பகல் முழுக்க யாரும் வீட்ல இருக்கறதில்லை. நம்ம சுவர் எப்படி இருக்கு?"

"வடக்குப் பக்கம் பச்சை கட்டியிருக்கு."

"அப்படியா? நிறையவா?" அவர் குரலில் சந்தோஷம் கேட்டது.

"நிறைய. இப்போதான் கழுவிட்டிருக்கேன்."

"மெதுவாக் கழுவு" என்றார்.

மருமகள் கூப்பிடுகிறாள் என்று சொல்லி அவர் போனை வைத்தார். இன்னும் கிழக்குச் சுவர் பாக்கி இருந்தது. அவில்டா கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்; மேகம் கூடுவதைப் பார்த்துவிட்டு, எழுந்து மெஷினைக் கிளப்பினாள்.